குண்டாஸ் இருக்கும் ஊரில் குடிமகன் சுதந்திரமானவனா?

வைகைக்கரை
ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆட்சியை மாற்ற முடிகிறது, ஆகவே அரசு நம் கையில்தான் என்று பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு ஒரு சட்டத்தை மட்டும் காட்டுகிறேன்: தமிழ்நாடு சட்டம் 14, 1982. முழுப்பெயரைச் சொன்னால் மூச்சு வாங்கும், ஊர்வழக்கில் குண்டாஸ். இனி குற்றம் செய்துவிடுவார் என்று ஒருவரை முன்கூட்டியே உள்ளே வைக்கும் தடுப்புக்காவல் சட்டம். கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் விற்பவர், ரவுடி என்று தொடங்கியது. பிறகு மணல் கடத்தல் சேர்ந்தது, திருட்டு வீடியோ சேர்ந்தது, 2014இல் இணையக் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன.

உத்தரவில் கையெழுத்துப் போடுபவர் நீதிபதி அல்ல. மாவட்ட ஆட்சியர் அல்லது மாநகரக் காவல் ஆணையர். காரணங்களை உள்ளே இருப்பவரிடம் 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். 3 வாரத்துக்குள் கோப்பு, உத்தரவுக்குக் காரணம் போதுமா என்று பார்க்கும் குழுவான அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும், கழகம் 7 வாரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அது "போதிய காரணம் உண்டு" என்றால் 12 மாதம் வரை சிறை. இந்தச் சிறைக்குக் குற்றப்பத்திரிகை, விசாரணை, பிணை எதுவும் கிடையாது. கழகத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமையும் இல்லை. 24 மணி நேரத்தில் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், வக்கீலைப் பார்க்கலாம் என்ற இரண்டு உரிமைகளும் தடுப்புக்காவலுக்குப் பொருந்தாது என்று அரசியலமைப்பின் 22(3) பிரிவே சொல்கிறது. இதைச் சுதந்திரம் என்பவர் விளக்கட்டும்.

கல்லணை
விளக்குகிறேன். நீங்கள் அடுக்கிய ஒவ்வொரு நாள் கணக்கும் அரசின் கையைக் கட்டுகிற கயிறு. 12ஆம் நாள் ஒப்புதல் வரவில்லை என்றால் உத்தரவு செத்தது. அறிவுரைக் கழகம் "காரணம் போதாது" என்றால் உடனே விடுதலை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்துவைத்தது சட்டப்படி சரியா என்று கேட்கும் மனு, எப்போதும் திறந்த கதவு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் ஜபல்பூர் வழக்கில் அந்தக் கதவையே உச்ச நீதிமன்றம் 4-1 என்று சாத்தியது. எதிர்த்து எழுதியவர் நீதிபதி கன்னா ஒருவர்தான். அந்தத் தீர்ப்பை 2017இல் தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றமே தூக்கி எறிந்துவிட்டது. கட்டுப்பாடே இல்லாத அரசு எங்கும் இல்லை; கட்டுப்பாட்டைக் கேள்வி கேட்க முடிகிறதா என்பதுதான் அளவுகோல்.

இன்னொன்று. பழிக்குப் பழி என்று ஒரு கொலைக்கு மறு கொலை விழும் ஊர்களில் முதல் வழக்கின் சாட்சி யாரும் வாய் திறப்பதில்லை. பிணையில் வந்தவன் சாட்சி வீட்டுத் தெருவில் பைக்கில் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். குண்டாஸை எடுத்துவிட்டால் அந்தச் சாட்சியின் சுதந்திரத்துக்கு யார் பொறுப்பு?

வைகைக்கரை
திறந்த கதவு என்கிறீர்கள். அந்தக் கதவு வரை நடக்க எத்தனை நாள் ஆகிறது? 2017 மே மாதம் மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போன மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி மீது குண்டாஸ் பாய்ந்தது. உயர் நீதிமன்றம் ரத்து செய்தது செப்டம்பரில். துண்டறிக்கை கொடுத்ததற்காக அதே வருடம் ஜூலையில் சேலம் மாணவி ஒருவர் மீது போட்டார்கள். அதுவும் செப்டம்பரில்தான் ரத்து. உத்தரவு தப்பு என்று நீதிமன்றம் சொன்னது, சரி. போன மாதங்களை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? கையெழுத்துப் போட்டவருக்கு என்ன நட்டம்?

பேப்பர்புக்
இரண்டு பேருமே உத்தரவுகள் ஏன் விழுகின்றன என்பதைத் தொடாமல் பேசுகிறீர்கள். விவாதத்தின் விடை அங்கேதான் இருக்கிறது.

ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் "இவர் ரவுடியா, இல்லையா" என்று பார்ப்பதில்லை. அது அதிகாரி தன் மனதில் திருப்திப்பட்டு எடுக்கும் முடிவு, அதற்குள் நீதிமன்றம் பெரும்பாலும் நுழையாது. பார்ப்பது வழிமுறையை. ஆகவே உத்தரவுகள் விழும் இடங்கள் இவை:

கொடுத்த நகல் படிக்க முடியாமல் மங்கியிருப்பது. ரிமாண்டு உத்தரவு ஆங்கிலத்தில் இருந்து, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்புத் தராதது (புரியும் மொழியில் தர வேண்டும் என்று 1962லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது). கைதுக்கும் உத்தரவுக்கும் நடுவே விளக்கமில்லாத இடைவெளி. உத்தரவை எதிர்த்து உள்ளே இருப்பவர் அரசுக்கு அனுப்பிய முறையீட்டு மனு உள்துறையில் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று அரசால் சொல்ல முடியாமல் போவது. விடுமுறை கழித்து ஏழெட்டு நாள் கணக்கில் வராவிட்டாலே உத்தரவு ஆட்டம் காணும்.

அடுத்தது பிணை. ஏற்கனவே சிறையில் இருப்பவரைத் தடுப்புக்காவலில் வைக்க வேண்டுமானால், அவர் பிணையில் வெளியே வர உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும். 2011இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது இதைத்தான்: பிணை மனுவே நிலுவையில் இல்லை, பிறகு எந்த அடிப்படையில் "வெளியே வந்துவிடுவார்" என்கிறீர்கள்? "இதுபோன்ற வழக்கில் பிணை தருகிறார்கள்" என்று பொதுவாக எழுதினால் செல்லாது. எந்த வழக்கு, எந்தத் தேதி, எந்த நீதிமன்றம் என்று இருக்க வேண்டும்.

இதன் விளைவு கொஞ்சம் கசப்பானது. நிஜமான கூலிப்படைக்காரனும் மங்கலான ஜெராக்ஸால் வெளியே வருகிறான். துண்டறிக்கை கொடுத்தவரும் அதே ஜெராக்ஸை நம்பித்தான் இருக்க வேண்டியிருக்கிறது.

கல்லணை
அது காவல் நிலையத்தில் கோப்புத் தயாரிப்பவர்களின் சோம்பல். சட்டத்தின் குற்றம் ஆகாது.

பேப்பர்புக்
சோம்பல் மட்டும் இல்லை. காரண அறிக்கைகளை நாலைந்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். "பட்டப்பகலில் கத்தியைக் காட்டிப் பணம் பறித்தார், பொதுமக்கள் அலறியடித்து ஓடினர், வியாபாரிகள் கடைகளை அடைத்தனர், வாகனங்கள் ஸ்தம்பித்தன" என்ற சட்டகம் வழக்குக்கு வழக்கு வரும், பெயரும் தொகையும் மட்டும் மாறும். இந்த வரி ஏன் தேவைப்படுகிறது? வழிப்பறி என்பது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. குண்டாஸுக்கு அது போதாது, பொது அமைதி குலைய வேண்டும். ராம் மனோகர் லோகியா வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று வட்டம் போட்டுக் காட்டியது: வெளியே பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது அமைதி, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. வெளி வட்டத்து ஆளை உள்வட்டத்துக்குத் தூக்கிவைக்கத்தான் கடைகளை அடைக்கிறார்கள், காகிதத்தில்.

வன்னிமரம்
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். கல்லணை அண்ணை சொல்லுற அந்த "நாள் கணக்குக் கயிறு" எங்களுக்கு எவ்வளவு பெரிய விசயம் எண்டு உங்களுக்கு விளங்காது. இலங்கையின்ர பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல வந்தது, 48ஆம் இலக்கம். மூண்டு வருசத்துக்கான தற்காலிக ஏற்பாடு எண்டுதான் கொண்டுவந்தவை. 1982இல அந்தக் கால எல்லையை எடுத்துவிட்டினம். அமைச்சர் கையெழுத்து வைச்சால் மூண்டு மாதம், பிறகு மூண்டு மூண்டு மாதமாய் 18 மாதம் வரை தடுப்பு. 2022இல தான் அதை 12 மாதமாய்க் குறைச்சவை. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவர் எடுத்த வாக்குமூலம் வழக்கிலயே சான்றாகும். வற்புறுத்தி எடுத்தது எண்டு காட்டவேண்டியது உள்ளுக்கு இருக்கிறவர்தான்.

இத்தனை வருசமும் தேர்தல் நடந்தது, ஆட்சியும் மாறினது. ஆகவே வைகைக்கரை சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. வாக்குச்சீட்டு இந்தப் பூட்டைத் திறக்கிற சாவி இல்லை.

கல்லணை
தம்பி வன்னிமரம், உங்கள் சட்டத்தோடு ஒப்பிட்டால் எங்களுடையது மேல் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஆனால் வாக்குச்சீட்டு பயனே இல்லை என்பதை ஏற்கமுடியாது. 2023 நவம்பரில் செய்யாறு பக்கம் மேல்மா சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த விவசாயிகள் ஏழு பேர் மீது குண்டாஸ் போட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பிய சில நாளிலேயே ஆறு பேர் மீதான உத்தரவை அரசே ரத்து செய்தது. நீதிமன்றம் வரை போகவே இல்லை. ஓட்டு பற்றிய பயம் இல்லாமல் இது நடக்குமா?

வைகைக்கரை
நடக்காதுதான். ஆனால் அந்த விவசாயிகளுக்குப் பின்னால் கட்சிகள் நின்றன, தொலைக்காட்சி நின்றது. பேர் தெரியாத ஒரு பெயின்டர் மீது போட்டால் யார் கிளம்புவார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் தடுப்புக்காவல் எண்ணிக்கையில் தமிழ்நாடு திரும்பத் திரும்ப முன்வரிசையில் நிற்கிறது. அத்தனை பேருக்கும் தொலைக்காட்சி வராது.

சாட்சி பாதுகாப்புக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வேறு வழிகள் சட்டத்திலேயே உண்டு. பிணையில் வந்து மிரட்டினால் பிணையை ரத்து செய்யக் கேட்கலாம், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 483(3). வழக்கமான குற்றவாளியிடம் இனி ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கும் நன்னடத்தைப் பிணையம் வாங்கலாம், அதே சட்டத்தின் பிரிவு 129. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018லேயே உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கச் சட்டமாக்கியது. இவற்றில் எல்லாம் ஆதாரத்தோடு ஒருவர் முன் நிற்க வேண்டும், எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கே கேட்பார். குண்டாஸில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவேதான் அது முதலில் கைக்கு வருகிறது.

கல்லணை
பிணையை ரத்து செய்ய மிரட்டப்பட்ட சாட்சியே வந்து சொல்ல வேண்டும். அவர்தான் பயந்து கிடக்கிறாரே! நன்னடத்தைப் பிணையத்தைக் காவல் துணை ஆணையர்களே வாங்கிக்கொண்டிருந்தார்கள். காவல்துறைக்கு அந்த நீதி அதிகாரம் தந்தது செல்லாது என்று 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது கோட்டாட்சியரிடம் போய் நிற்க வேண்டும். காகிதத்தில் இருக்கும் வழி எல்லாம் தெருவில் வழி ஆகாது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 1978இல் அரசியலமைப்பின் 44ஆவது திருத்தம், அறிவுரைக் கழகத்தின் கருத்து இல்லாமல் ஒருவரை உள்ளே வைக்கும் காலத்தை மூன்றிலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்தது. கழகத்தின் தலைவர் பணியில் உள்ள உயர் நீதிமன்ற நீதிபதியாக இருக்க வேண்டும் என்றது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தப் பகுதியை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை எந்த மத்திய அரசும் இதுவரை வெளியிடவில்லை. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

புதுமண்டபம்
பெரிய விசயமெல்லாம் பேசுறீங்க. ஒரு வீட்டில் ஆளைக் குண்டாஸில் போட்டுட்டாங்கன்னா முதல் வாரம் என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க சார்.

பேப்பர்புக்
காரண அறிக்கையும், அதோடு தரும் ஆவண நகல்களின் தொகுப்பான ஆவணப் புத்தகமும் கைக்கு வந்த தேதியை முதலில் குறியுங்கள். பக்கம் பக்கமாகப் புரட்டி, படிக்க முடியாத நகல், தமிழ் இல்லாத தாள் எல்லாவற்றின் பக்க எண்ணையும் எழுதுங்கள். அரசு ஒப்புதல் தரும் அந்த 12 நாள் முடிவதற்குள், உத்தரவிட்ட அதிகாரிக்கே ஒரு முறையீடு போக வேண்டும். அந்த உரிமை இருப்பதைக் காரண அறிக்கையில் சொல்லாமல் விட்டிருந்தால் அதுவே ஒரு குறை. இன்னொரு முறையீடு உள்துறைச் செயலாளருக்கு, மூன்றாவது அறிவுரைக் கழகத்துக்கு. சிறைக் கண்காணிப்பாளர் வழியாக அனுப்பினால் ஒப்புகை வாங்குங்கள், தபால் என்றால் பதிவுத் தபால். முறையீட்டில் இல்லாத நகல்களைக் கேட்டுவிடுங்கள். அவர்கள் தராமல் விட்டாலும், தாமதமாகத் தந்தாலும் அது உங்கள் மனுவில் ஏறும். கழகத்தின் முன் வக்கீல் நிற்க முடியாது, ஆனால் வக்கீல் அல்லாத நண்பர் ஒருவரைத் துணைக்குக் கேட்கலாம். பலர் கேட்பதே இல்லை.

பிணை மனுவை அவசரமாகப் போடாதீர்கள். ஏன் என்று ரேகா வழக்கைப் பற்றி மேலே எழுதியதை இன்னொரு முறை படித்தால் தெரியும்.