பழைய கேலிச் சித்திரப் பக்கங்களில் செலோடேப் கறை, வழி சொல்லுங்கள்

கும்பகோணத்தில் கிடைத்த நகைச்சுவைக் கதைப் புத்தகம். தலைப்புப் பக்கம் கிழிந்துவிட்டது. விலை அணாவில் இருப்பதால் 1957க்கு முந்தையதாக இருக்கும். படங்கள் போலிப் பகட்டை வாரும் ரகம்: பஞ்சகச்சத்துக்கு மேல் கோட்டும் டையும் மாட்டிய மிராசுதார், திண்ணையில் கடன்காரர் காத்திருக்க, உள்ளே கிராமபோன் கச்சேரி. அந்த டை ஒன்றே போதும், மனிதரின் ஜாதகம் தெரிந்துவிடும்!

10 மடங்கு லென்ஸில் புள்ளிகள் இல்லை, கோடுகள் மட்டுமே. ஆக, லைன் பிளாக் அச்சு, அதாவது கோடுகளை மட்டும் பதிக்கும் உலோக அச்சுக்கட்டை. 600 டிபிஐ, கிரேஸ்கேலில் (சாம்பல் சாயல்களோடு) ஸ்கேன் செய்கிறோம். சாயலே இல்லாத வெறும் கறுப்பு-வெள்ளையில் எடுத்தால் நெருக்கமான குறுக்குக்கோடுகள் அப்பிக்கொள்கின்றன. பின்பக்க எழுத்து தெரியாதிருக்கத் தாளுக்குப் பின்னால் கறுப்புக் காகிதம்.

சிக்கல் இரண்டு பக்கங்களில். டேப் தானே உரிந்துவிட்டது, பசை தாளுக்குள் ஊறிப் பழுப்பேறிவிட்டது. தண்ணீர் பட்டால் ஓரக்கறை விழும்; அசிட்டோன் மையையும் இளக்கிவிடுமோ என்று பயம். கிரேப் ரப்பரால் (பசையை ஒட்டி எடுக்கும் ரப்பர் கட்டி) ஒற்றி எடுத்தவர்கள் உண்டா? தாள் மடித்தாலே ஒடிகிறது. ஒட்டுப்போட ஜப்பானிய டிஷ்யூ (மெல்லிய, உறுதியான நார்த்தாள்) தஞ்சாவூர், திருச்சியில் எங்கே கிடைக்கும்? ஐப்பசி ஈரம் வருமுன் முடிக்க வேண்டும்.

ஓவியர் கையெழுத்து இல்லை. கேலிச்சித்திரக்காரர் கோபுலு கும்பகோணத்தில் படித்தவர் என்பதற்காக அவர் தலையில் கட்டிவிடாதீர்கள். கோட்டின் போக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்.