தசை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் என்றால் என் அக்கா மகனுக்கு ஏன் கால் தளர்கிறது?

செம்மண்காரன், தேவகோட்டை
அக்கா மகனுக்கு 8 வயது. டூஷேன் தசைச் சிதைவு என்று போன வருடம் மரபணுச் சோதனையில் உறுதியானது. போன பொங்கலுக்கு எங்கள் வீட்டுத் திண்ணைப் படியில் ஓடி ஏறியவன், இந்தப் பொங்கலுக்குத் தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் எழுந்திருக்கிறான். அம்மான் என்று கையைப் பிடித்துக்கொள்ளும்போது எனக்குத் தாங்கவில்லை.

என் கேள்வி இதுதான். தசையில் ஸ்டெம் செல், அதாவது புதுச் செல்களை உண்டாக்கும் மூலச் செல், இருக்கிறது, அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று படித்தேன். டாக்டரோ, திரும்பத் திரும்பக் காயம் பட்டு அந்தச் செல்கள் ஓய்ந்துவிடுகின்றன என்கிறார். புதுப்பித்துக்கொள்கிற ஒன்று எப்படி ஓயும்? பி.எஸ்சி. விலங்கியல் படித்தவன்தான், 12 வருடமாயிற்று, ஆனாலும் மூலக்கூறு அளவிலேயே சொல்லுங்கள், புரிந்துகொள்கிறேன். இன்னொன்று, ஒரு நகரத்தில் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்களாம், சில லட்சம் ஆகுமாம், அக்கா நகையை எடுத்து வைத்துவிட்டாள்.

கண்மாய்க்கரை
தம்பி, முதலில் அந்தச் செல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, தசை இழைக்கும் அதை மூடியிருக்கும் அடித்தளச் சவ்வுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு கிடந்த செல்களைக் கண்டார். சாட்டிலைட் செல் என்று பெயர் வைத்தார். தசை இழைக்குள் இருக்கும் உட்கருக்கள் இரண்டாகப் பிரிந்து பெருகாது, அதனால் இழை அறுந்தால் சரிசெய்ய இவைதான் வர வேண்டும். பாக்ஸ்7 என்ற புரதம் இவற்றின் அடையாளம். எலியில் இந்தச் செல்களை அழித்துவிட்டால் காயம்பட்ட தசை திரும்ப வளர்வதே இல்லை.

வீட்டில் உறை ஊற்றுவது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தயிரைச் சாப்பிட்டாலும் ஒரு கரண்டி எடுத்து வைத்தால் நாளைக்கும் தயிர் உண்டு. இந்த நோயில் தினமும் காயம், அதனால் எடுத்து வைத்த உறைமோரும் செலவாகிவிடுகிறது. நான் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

பாக்ஸ்ஏழு
காரைக்குடியில் பிறந்து இப்போது வெளியூரில் செல் உயிரியல் ஆய்வில் இருக்கிறேன். அண்ணன் சொன்னதில் ஓர் இடம் இடிக்கிறது, கேள்விக்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது. எடுத்து வைத்த கரண்டியும் சாப்பிட்ட தயிரும் ஒரே பொருள், எதை வைத்தாலும் உறையும். தசை ஸ்டெம் செல் அப்படி இல்லை. அது பிரியும்போதே இரண்டு சேய் செல்களும் வேறு வேறாக ஆக முடியும், ஒன்று ஸ்டெம் செல்லாகவே தங்கும், இன்னொன்று தசையாகக் கிளம்பும்.

சாதாரண நாளில் அவை தூங்குகின்றன. இந்தத் தூக்கம் தானாக வருவதில்லை. தசை இழையின் மேலுள்ள டெல்டா என்ற புரதம் ஸ்டெம் செல்லின் நாட்ச் என்ற ஏற்பியைத் தொடுகிறது, நாட்ச் வெட்டுப்பட்டு அதன் உள்துண்டு உட்கருவுக்குப் போய் 'தசையாகாதே' என்று சொல்லும் மரபணுக்களை இயக்குகிறது. எலிகளில் இந்த வழியை அறுத்துப் பார்த்தார்கள். தூக்கம் கலைந்த செல்களில் பல, ஒரு தடவைகூடப் பிரியாமல் நேராகத் தசைச் செல்லாகிவிட்டன, கையிருப்பு கரைந்துபோனது.

காயம் பட்டதும் விழித்துப் பிரிகின்றன. பக்கத்தில் பக்கமாகப் பிரிந்தால் இரண்டும் ஸ்டெம் செல், வின்ட்7ஏ என்ற சமிக்ஞை இதைத் தூண்டுகிறது. மேல் கீழாகப் பிரிந்தால்தான் ஒன்று தங்கி ஒன்று கிளம்பும். அதற்குச் செல்லுக்குத் தன் மேல் எது, கீழ் எது என்று தெரிய வேண்டுமே? பார்ட்3 என்ற புரதம் ஒரு பக்கம் சேர்கிறது, மார்க்2 என்பது எதிர்ப்பக்கம். பார்ட்3 விழுந்த சேய் செல்லில் பி38 என்ற நொதி விழித்து மயோடி என்ற புரதத்தை வரவழைக்கும், அது தசையாகப் போகும். மற்றது பாக்ஸ்7-ஐ வைத்துக்கொண்டு திரும்பத் தூங்கப் போகும்.

இப்போது உங்கள் அக்கா மகனுக்கு வருகிறேன். இந்த நோயில் இல்லாமல் போவது டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம். அது தசை இழையின் சவ்வு கிழியாமல் தாங்குவது என்றுதான் ரொம்ப நாள் பாடம். 2015-ல் கனடாவின் ஒட்டாவாவில் மைக்கேல் ருட்னிக்கியின் ஆய்வுக்குழு, விழித்த ஸ்டெம் செல்லுக்குள்ளேயே டிஸ்ட்ரோஃபின் இருக்கிறது, மார்க்2-வை அதன் இடத்தில் வைப்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது என்று எலிகளில் காட்டியது. டிஸ்ட்ரோஃபின் இல்லாவிட்டால் மார்க்2 குறைகிறது, பார்ட்3 ஒரு பக்கமாகச் சேராமல் சிதறுகிறது, செல்லுக்குத் திசை தவறிவிடுகிறது. மேல் கீழாகப் பிரிவது குறைகிறது, தசையாகக் கிளம்பும் செல்கள் போதாமல் போகின்றன.

அதனால் 'ஓய்ந்துவிட்டன' என்று மட்டும் சொன்னால் பாதிதான் உண்மை. இந்த நோயாளிகளின் தசையில் ஸ்டெம் செல் எண்ணிக்கை இயல்பைவிடக் கூடுதலாகவே இருந்ததையும் பார்த்திருக்கிறார்கள். உறைமோர் இருக்கிறது அண்ணே, அதைப் பாலில் விடத்தான் முடியவில்லை. எனக்கு இந்த நோயைப் பற்றி மிகவும் வலிப்பது இதுதான். காயம் தினமும் நடக்கிறது, அதே புரதம் இல்லாததால் ஆற்றும் வேலையும் தடுமாறுகிறது.

செம்மண்காரன், தேவகோட்டை
இரண்டு தடவை படித்தேன். அப்படியானால் நல்ல ஸ்டெம் செல்லை வெளியிலிருந்து ஊசியில் ஏற்றினால் திசை தெரிந்த செல் கிடைக்குமே? அக்கா நம்புவதும் அதைத்தானே.

பாக்ஸ்ஏழு
நியாயமான கேள்வி. எலியில் ஒரே ஒரு தசை இழையை, அதோடு ஒட்டிய சுமார் 7 ஸ்டெம் செல்களோடு எடுத்து வேறு எலியின் தசையில் வைத்தபோது 100-க்கும் மேல் புது இழைகள் வந்தன. அவ்வளவு சக்தி உண்டு. ஆனால் ஆய்வகத் தட்டில் பெருக்கினால் அந்தச் சக்தி போய்விடுகிறது, அவை கிளம்பும் செல்களாக மாறிவிடுகின்றன. 1990-களில் சிறுவர்களுக்கு இப்படி வளர்த்த செல்களை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை சீக்கிரமே செத்தன, மிஞ்சியவை ஊசி குத்திய இடத்தை விட்டு நகரவில்லை, பலம் கூடவில்லை. விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த செல், அது இந்தப் பாக்ஸ்7 செல்லே இல்லை.

ஆத்தங்குடி ஆச்சி
என் மகனுக்கும் இதே நோய், இப்போது 15 வயது. ஓர் இடத்தில் பணம் கட்டி மூன்று தடவை ஊசி போட்டோம், நடை கொஞ்சமும் மாறவில்லை, கட்டிய பணத்துக்கு ஒழுங்கான ரசீதுகூடத் தரவில்லை. பிறகுதான் தெரிந்தது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றம் தவிர மற்றதெல்லாம் ஆய்வாக மட்டுமே நடக்கலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. தம்பி, அக்காவை நகையைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

எங்களுக்கு உதவியது ஸ்டீராய்டு மாத்திரை, தினமும் காலை மாலை கணுக்கால் நீட்டும் பயிற்சி, ராத்திரி போடும் கால் பட்டை. மாத்திரையை எக்காரணம் கொண்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து. இதயமும் தசைதானே, வருடத்துக்கு ஒரு தடவையாவது எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கிறோம்.

செம்மண்காரன், தேவகோட்டை
ஆச்சி, இன்று ராத்திரியே அக்காவிடம் பேசுகிறேன். எக்கோ பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆத்தங்குடி ஆச்சி
அவனுக்கு மட்டுமில்லை. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அக்காவிடமிருந்து வந்திருந்தால் அவருடைய இதயமும் பலவீனப்படலாம், அதைப் பிள்ளையைத் தூக்கித் தூக்கி வரும் களைப்பு என்று நானும் நினைத்திருந்தேன். அக்காவுக்கும் மரபணுச் சோதனை, எக்கோ இரண்டும் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மறந்துவிடாதீர்கள்.