டர்பன் வீட்டுக்கு இன்ஸ்டன்ட் கீசர் ஏற்றதா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு உட்கூரைக்கு மேலிருந்த 150 லிட்டர் கீசர் அடியில் துருப்பிடித்து ஒழுகுகிறது. அதற்குப் பதிலாக, தொட்டி இல்லாமல் குழாயைத் திறந்தவுடன் நீரைச் சூடாக்கும் இன்ஸ்டன்ட் கீசரைப் பொருத்தலாமா? வீட்டில் ஐவர் இருக்கிறோம். என் மாமியார், இங்குக் குளிர்காலமான ஆடி மாதத்திலும் விடியற்காலையில் குளிப்பவர். குழாயைச் சற்றே திறந்து வாளியில் பிடித்துக்கொள்வதுதான் அவர் வழக்கம்.

மறுமொழி (மின்பணியாளர், ஃபீனிக்ஸ், டர்பன்)

அம்மா, இந்தக் கருவி மின்சாரத்திலும் எரிவாயுவிலும் கிடைக்கும். மின்சாரத்தில் இயங்குவதை வாங்கும் முன் உங்கள் வீட்டின் முதன்மை பிரேக்கரை (மின்சுமை மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை) பாருங்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் நீரை 18 பாகை செல்சியஸிலிருந்து 40 பாகைக்கு உயர்த்த ஏறக்குறைய 12 கிலோவாட் வேண்டும். 230 வோல்ட்டில் அது 53 ஆம்பியர். இங்குப் பல வீடுகளுக்குக் கிடைக்கும் இணைப்பே 60 ஆம்பியர்தான் என்பதால், ஒருவர் குளிக்கும்போது மற்றொருவர் தேநீருக்குக் கெட்டிலைப் போட்டால் பிரேக்கர் விழக்கூடும். பழைய கீசரின் 3 கிலோவாட் சுருளுக்கு 13 ஆம்பியரே போதுமாயிருந்தது. அந்தக் கம்பியில் இதை இணைக்கவே கூடாது. ஆகவே உங்களுக்கு எரிவாயுக் கருவியே பொருந்தும். மின்கலத்தால் பற்றவைக்கும் வகையாக இருந்தால், மின்தடையிலும் குழாயில் நீர் வரும் வரை இயங்கும்.

மறுமொழி (லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்)

எங்கள் ஊர்க் கணக்கு வேறு. குளிர்காலத்தில் நீர் 10 பாகைக்கு இறங்கினால் 30 பாகை உயர்த்த வேண்டும். எரிவாயுக் கருவியின் மேல் நிமிடத்துக்கு 12 லிட்டர் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 25 பாகை உயர்வுக்கான அளவு. 30 பாகைக்கு அது 10 லிட்டராகிவிடும். கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் சுடரின் வலுவும் குறைகிறது. டர்பனில் இந்த இடர்ப்பாடு இல்லை.

மறுமொழி (குழாய்ப்பணியாளர், டர்பன்)

எரிவாயு என்றால் கருவியை வெளிச்சுவரில் மாட்டுங்கள். குளியலறைக்குள் வைத்தால், எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உயிரையே பறிக்கக்கூடும். பதிவு பெற்ற எரிவாயுப் பணியாளரே பொருத்தி, சட்டப்படியான தகுதிச் சான்றிதழைத் தர வேண்டும். வீட்டை விற்கும்போதும் அது தேவைப்படும். எட்டு நிமிடக் குளியலுக்கு 64 லிட்டர் நீர் என்று வைத்தால், 19 கிலோ சிலிண்டரில் டர்பன் நீருக்கு நூறு குளியலுக்கு மேல் வரும். ஐவர் நாள்தோறும் குளித்தால் மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம். மாற்று சிலிண்டர் ஒன்று இருப்பது நல்லது.

உங்கள் மாமியாரின் வழக்கத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 அல்லது 3 லிட்டராவது ஓடினால்தான் சுடர் பற்றும். மெல்லிய தாரைக்குப் பச்சைத் தண்ணீரே வரும். குழாயை நன்றாகத் திறந்து வாளியை நிரப்பிக்கொள்ள அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதமில்லையென்றால், மீண்டும் தொட்டிக் கீசரையே வாங்கி, வெப்பம் வீணாகாமல் அதற்கு வெப்பக்காப்புப் போர்வை சுற்றுவதே மேல்.

அதற்கு முன், 10 லிட்டர் வாளி முழுதாகத் திறந்த குழாயில் எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 75 விநாடி என்றால் நிமிடத்துக்கு 8 லிட்டர். அந்த அளவைத் தெரிவித்தால், எத்தனை லிட்டர் கருவி போதும் என்று சொல்கிறேன்.