ஏலத்தில் தொடக்க விலை எவ்வளவு, எப்போது முடிப்பது?

கேள்வி: பழைய ஃபிலிம் கேமராவை ஈபேயில் ஏலம் விடப் போகிறேன். தொடக்க விலையைக் குறைத்து வைத்தால் கூட்டம் சேரும் என்கிறார்கள், ஆனால் ஒரே ஒருவர் மட்டும் கேட்டு அடிமாட்டு விலைக்குப் போய்விட்டால்?

பதில் 1: விற்பவர்கள் கேட்கும் விலையை நம்பாதீர்கள், அதே மாடல் உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று பாருங்கள். பலர் தேடும் மாடல் என்றால் குறைவாகத் தொடங்கலாம், போட்டியே ஏற்றிவிடும். இல்லையென்றால், எந்த விலைக்குக் குறைந்து தர மனம் வராதோ அதுவே தொடக்க விலை.

பதில் 2: 7 நாள் விடுங்கள், ஒரு வார இறுதி உள்ளே வந்துவிடும். சூடு பிடிப்பது கடைசி நிமிடத்தில்தான், அதனால் ஞாயிறு மாலை முடியட்டும். நள்ளிரவில் தொடங்கினால் நள்ளிரவில்தான் முடியும், அப்போது யார் விழித்திருப்பார்கள்?

கேட்டவர்: சரி, ரிசர்வ் விலை, அதாவது ஏலம் அதை எட்டாவிட்டால் விற்கத் தேவையில்லை என்று வைக்கும் மறைவான குறைந்தபட்ச விலை, வைக்கலாமா?

பதில் 1: எனக்குப் பிடிக்காது. தனிக் கட்டணம் வேறு, 'ரிசர்வ் எட்டவில்லை' என்று பார்த்ததும் பலர் நழுவிவிடுவார்கள். அப்புறம், லென்ஸில் பூஞ்சை இருந்தால் படத்தோடு போட்டுவிடுங்கள்.