நாலு புள்ளி, கீழே ஒரு சிப்பி

‘பெரிய வீடு’ குழு, ஞாயிறு காலை

பெரியப்பா, 7:42
(பலமுறை பகிரப்பட்டது) படித்ததும் மெய்சிலிர்த்தது! மாயன் நாகரிகம் தமிழன் நாகரிகமே!! தேவலோகச் சிற்பி மயன் கடல் கடந்து போய்க் கட்டியவைதான் மெக்சிகோ பிரமிடுகள். தமிழனாக இருந்தால் 10 பேருக்கு அனுப்பவும்.

அத்தை, 7:44
அருமை அண்ணா

சித்தி, 7:45
காலை வணக்கம். தண்ணீர் ஃபில்டர் பார்க்கிற நல்ல ஆள் யாராவது இருந்தால் நம்பர் போடுங்கள். மூன்று மாதத்தில் இரண்டாவது முறை நின்றுவிட்டது.

செந்தில், 7:50
பெரியப்பா, நான் இந்த வாரம் மெக்சிகோவில், மாயா ஜனங்கள் வாழும் யுகதான் பகுதியில்தான் இருக்கிறேன். இங்கே சனி ராத்திரி எட்டு இருபது.

பெரியப்பா, 7:51
அட, மறந்தே போனேன். நல்லதாயிற்று. அங்கேயே விசாரித்து எழுது.

செந்தில், 7:55
விசாரிக்க ஒன்றுமில்லை பெரியப்பா. பெயர் காதுக்கு ஒன்றுபோல இருக்கிறது, அவ்வளவுதான் சம்பந்தம். இவர்கள் மொழிக் குடும்பம் வேறு. அதில் மட்டும் முப்பது மொழி இருக்கிறது, தமிழோடு உறவு கிடையாது. நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மாள் மாயாக்காரர். அவரிடம் போய், உங்கள் பாட்டன் கட்டியதை எங்கள் ஊர் ஆள் வந்துதான் கட்டிக் கொடுத்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது?

கயல், 7:56
அண்ணா

கயல், 7:56
சரியான அடி

பெரியப்பா, 7:58
வந்ததை அனுப்பினேன். நான் எழுதியதில்லை.

அத்தை, 8:01
மாயா ஆட்கள் இன்னும் இருக்கிறார்களா? திடீரென்று காணாமல் போய்விட்டார்கள் என்றுதானே டிவியில் சொன்னான்.

செந்தில், 8:07
எங்கேயும் போகவில்லை அத்தை. குவாத்தமாலா காட்டுப் பக்கம் இருந்த தீக்கால் போன்ற பெரிய நகரங்கள் 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் காலியாயின. மழை பொய்த்தது, ராஜாக்களுக்குள் ஓயாத சண்டை. ஜனங்கள் வேறு இடம் பார்த்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் வடக்கே சிச்சென் இட்சா தலையெடுத்தது. கடைசி மாயா ராஜ்யத்தை ஸ்பானியர்கள் பிடித்தது 1697-இல். இன்றைக்கும் அறுபது லட்சம் பேருக்குக் குறையாமல் மாயா மொழிகள் பேசுகிறார்கள். குவாத்தமாலா அரசு மட்டும் 22 மாயா மொழிகளை அங்கீகரித்திருக்கிறது. 1992-இல் அமைதிக்கான நோபல் வாங்கிய ரிகோபெர்தா மென்சூ, கிச்சே மாயாப் பெண்.

அம்மா, 8:08
சாப்பிட்டாயா?

செந்தில், 8:13
ஆச்சு அம்மா. சோள ரொட்டி. இங்கே அதற்கு ‘வாஹ்’ என்று பேர். செய்முறை கேட்டால் ஆச்சரியப்படுவாய். முந்தின ராத்திரியே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அப்படியே ஊறவிடுகிறார்கள். காலையில் கையால் அலசினால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். கை விரலெல்லாம் மஞ்சளாக இருக்கும். அப்புறம் அரைத்து, தட்டி, கல்லில் போடுவது.

அம்மா, 8:14
சுண்ணாம்பா? வயிறு என்னத்துக்கு ஆகும்

செந்தில், 8:16
அதில்தான் விஷயமே இருக்கிறது. சுண்ணாம்பு போட்டால்தான் சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நயாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேரும். ஐரோப்பாக்காரன் சோளத்தைக் கொண்டுபோனான், செய்முறையை விட்டுவிட்டுப் போனான். சோளத்தையே நம்பியிருந்த இத்தாலி ஏழைகளுக்குத் தோல் உரிந்து பெலாக்ரா நோய் வந்தது. பலர் செத்தார்கள்.

அம்மா, 8:17
பார்த்தாயா. சமையலறையில் கேட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும்.

சித்தி, 8:18
ஃபில்டர் ஆள்???

கயல், 8:21
சித்தி, தீக்காலில் 2000 வருடத்துக்கு முன்னாலேயே ஃபில்டர் போட்டிருக்கிறார்கள். ஒரு குளத்தில் ஜியோலைட் என்ற தாதுவும் படிக மணலும் கிடைத்தன என்று 2020-இல் கட்டுரை வந்தது. முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து சுமந்து வந்திருக்கலாமாம். வண்டி மாடு கிடையாது, எல்லாம் தலைச்சுமை.

சித்தி, 8:22
அவர்கள் நம்பர் கொடு

கயல், 8:24
ஆனால் அரண்மனைப் பக்கத்துக் குளத்தில் பாதரசம் கலந்துவிட்டது. சுவருக்கும் சமாதிக்கும் பூசிய சிவப்புச் சாயம் மழையில் கரைந்து வந்ததுதான் காரணமாம். நம் ஃபில்டரே தேவலை.

அத்தை, 8:26
2012-இல் உலகம் அழியும் என்று சொன்னவர்களும் இவர்கள்தானே? அந்த டிசம்பரில் எங்கள் தெருவில் ஒருத்தர் வீட்டுக் கடனே கட்டவில்லை.

செந்தில், 8:31
பாவம் அந்த மனிதர். மாயாக்காரர்கள் அப்படிச் சொல்லவேயில்லை அத்தை. அவர்கள் நாள் கணக்கு கி.மு. 3114-இல் தொடங்குகிறது. 1,44,000 நாள் ஒரு பக்தூன். 13 பக்தூன் நிறைந்தது 2012 டிசம்பர் 21. வண்டி மீட்டர் 99,999 தாண்டிப் புரள்வதுபோல. பலேங்கே ஊர் ராஜா பக்கால் கோயில் கல்வெட்டில், கி.பி. 4772-இல் வரும் ஒரு நாளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 2012-இல் எல்லாம் முடியும் என்று நினைத்தவன் 4772-க்கு எதற்கு நாள் குறிக்கிறான்?

பெரியப்பா, 8:33
பக்கால்... அந்த ராக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் ராஜாதானே? படம் வந்தது எனக்கு.

கயல், 8:34
பெரியப்பா!! அது சவப்பெட்டி மூடி. பின்னால் இருப்பது பாதாளத்தையும் வானத்தையும் இணைக்கும் உலக விருட்சம். ராஜா பாதாளத்துக்கும் மறுபிறப்புக்கும் நடுவில் இருக்கிறார். படத்தைப் படுக்க வைத்துப் பார்த்தால்தான் ராக்கெட்.

பெரியப்பா, 8:35
சரி சரி. காலையிலிருந்து எனக்கு நேரம் சரியில்லை.

செந்தில், 8:44
இன்று மானி என்ற ஊருக்குப் போனேன். பெரிய கல் மடம், முன்னால் வெற்றுப் புல்வெளி. [படம்] 1562 ஜூலை 12, தியேகோ தே லாந்தா என்ற பாதிரியார் மாயாப் புத்தகங்களைக் குவித்து எரித்தது இங்கேதான். அத்திமரப் பட்டையில் செய்த தாள், மடித்து மடித்து விசிறிபோல இருக்கும். இன்று உலகத்தில் மிஞ்சியவை நான்கு. அதில் ஒன்று ஜெர்மனியில், திரெஸ்தன் நூலகத்தில். வெள்ளி கிரகம் வானில் 584 நாளுக்கு ஒருமுறை பழைய நிலைக்கே திரும்பும் கணக்கும், கிரகணக் கணக்கும் அதில் இருக்கின்றன. தொலைநோக்கி கிடையாது, வெறும் கண்.

செந்தில், 8:49
இன்னொன்று. எரித்த அதே லாந்தா ஒரு மாயா எழுத்தரை உட்கார வைத்து, உங்கள் எழுத்தில் அ, பெ, செ (ஏ, பி, சி-யை ஸ்பானிஷில் இப்படித்தான் சொல்வார்கள்) எழுது என்று கேட்டிருக்கிறார். ‘பெ’ என்றதும் அவர் பெ என்ற அசைக்கான குறியைப் போட்டார். இவர் அதை ‘பி’ எழுத்து என்று நினைத்துக்கொண்டார். கடைசியில், ஒரு வாக்கியம் எழுதிக் காட்டு என்றாராம். அந்த ஆள் எழுதியது: ‘மா இன் கத்தி’. எனக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம்.

கயல், 8:50
ஐயோ. அதையும் லாந்தா அப்படியே காப்பி பண்ணி வைத்திருக்கிறாரா

செந்தில், 8:53
வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பை வைத்துத்தான் 1952-இல் யூரி க்னோரோசோவ் என்ற ரஷ்யர், இது அசை எழுத்து என்று பிடித்தார். ஜாகுவார் என்ற அமெரிக்கச் சிறுத்தைக்கு மாயாவில் ‘பாலம்’. ஒரு சிறுத்தைத் தலை வரைந்தும் எழுதலாம், பா-ல-ம என்று மூன்று குறி போட்டும் எழுதலாம். லெனின்கிராடில் உட்கார்ந்தே கண்டுபிடித்தார். மாயா மண்ணை அவர் முதலில் மிதித்தது 1990-இல்தான்.

பெரியப்பா, 8:55
இப்போது நான் ஒன்று கேட்கிறேன். எண்களை எப்படி எழுதினார்கள்? 38 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் கேட்கிறேன்.

செந்தில், 8:58
மூன்றே குறி. புள்ளி 1, கோடு 5, சிப்பி 0. இருபது இருபதாக எண்ணுவார்கள். கீழ் வரிசை ஒன்று, அதற்கு மேல் 20, அதற்கும் மேல் 400. நாள் கணக்கில் மட்டும் மூன்றாவது வரிசை 360.

பெரியப்பா, 9:00
சுழியம் வைத்திருந்தார்களா! இட மதிப்பும்!

பெரியப்பா, 9:01
அப்படியானால் 7 = ஒரு கோடு, மேலே இரண்டு புள்ளி. 20 = மேலே ஒரு புள்ளி, கீழே சிப்பி.

பெரியப்பா, 9:03
வரும் தையில் என் அம்மாவுக்கு, உங்கள் பாட்டிக்கு, 80. மேலே நாலு புள்ளி, கீழே ஒரு சிப்பி. எவ்வளவு அழகு!

செந்தில், 9:04
பழைய யுகதான் மாயாவில் 80-க்கு ‘கான் கால்’ என்று பேர். கான் நாலு, கால் இருபது.

பெரியப்பா, 9:04
கால்!!! பார்த்தாயா, அது தமிழ்...

கயல், 9:04
பெரியப்பா ஆரம்பிக்காதீர்கள்

பாட்டி, 9:09
(குரல் செய்தி, கயல் தட்டச்சு செய்தது) நாலு புள்ளிதானே, வாசலில் நானே வைத்துவிடுவேன். சிப்பிக்கு யாராவது கடற்கரைக்குப் போய் வாருங்கள். கேக்கெல்லாம் வேண்டாம், பல்லில் ஒட்டுகிறது. அந்தச் சோள ரொட்டி அம்மாளுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வாய் செந்திலு?

செந்தில், 9:12
‘தியோஸ் போத்திக்’ பாட்டி. தியோஸ் மட்டும் ஸ்பானிஷ், மிச்சம் மாயா. கடவுள் உனக்குக் கைம்மாறு செய்யட்டும் என்ற மாதிரி. காலையில் உங்கள் பெயரைச் சொல்லியே சொல்கிறேன்.

பெரியப்பா, 9:16
எல்லோருக்கும் போட்டுவிட்டேன். செந்தில் 31: மேலே ஒரு புள்ளி, கீழே இரண்டு கோடு ஒரு புள்ளி. கயல் 22: மேலே ஒரு புள்ளி, கீழே இரண்டு புள்ளி. சித்தி 49: மேலே இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு நாலு புள்ளி.

சித்தி, 9:17
என் வயதை யார் குழுவில் போடச் சொன்னது?

பெரியப்பா, 9:18
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா, 9:19
சித்தி: மேலே இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு நாலு புள்ளி. இப்போது யாருக்கும் புரியாது.

சித்தி, 9:20
ஃபில்டர் ஆள் நம்பர் வேண்டாம். நானே பார்த்துக்கொள்கிறேன்.