12 வயது ராஜபாளையம் நாய்க்கு எலும்புப் புற்றுநோய்: ஆலோசனை தேவை

திருமங்கலத்தில் எங்களோடு வாழும் 12 வயது ராஜபாளையம் நாய்க்கு முன்னங்காலில் எலும்புப் புற்றுநோய் இருப்பது 3 மாதங்களுக்கு முன் எக்ஸ்ரேயிலும் திசுப் பரிசோதனையிலும் உறுதியானது. நுரையீரலுக்கும் பரவிவிட்டதால் காலை அகற்றிப் பயனில்லை என்று மதுரையில் பார்த்த இரண்டு மருத்துவர்களும் கூறிவிட்டனர். மெலாக்சிகாம், கபாபென்டின் என்ற வலி குறைக்கும் மாத்திரைகள் முதல் மாதம் நன்றாகவே உதவின. இப்போதோ, மருத்துவர் சொல்லி அளவைக் கூட்டிய பின்னும் இரவெல்லாம் முனகுகிறான். காலை ஊன்றுவதே இல்லை. 31 கிலோ இருந்தவன் 24 கிலோவாக இளைத்துவிட்டான். வலுவிழந்த எலும்பு எப்போது வேண்டுமானாலும் முறியலாம் என்றும் எச்சரித்திருக்கிறார்கள். ஆயினும் ஆட்டு ஈரல் வேகும் வாசனை வந்தால் வாலை ஆட்டிக்கொண்டு அடுப்படி வாசலுக்கு நொண்டி வந்துவிடுகிறான். அந்த வாலைப் பார்த்துத்தான் கருணைக்கொலைக்கு இருமுறை நாள் குறித்தும் நாங்களே ஒத்திவைத்தோம். இதே நோயில் நாயை வழியனுப்பியவர்களிடம் கேட்கிறேன்: எந்த அறிகுறியைக் கண்டபோது இனியும் தாமதிக்கக் கூடாது என்று முடிவெடுத்தீர்கள்?