வராந்தா ஃபேனும் கடல் காற்றும்: எங்கள் வீட்டில் நடந்தது

கல்யாணமாகி மொரிஷியஸ் வந்து 14 வருஷம் ஆகிறது. ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. ஜனவரி, பிப்ரவரியில் உள்ளே உட்கார முடியாது. சாப்பாடு, பேச்சு, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எல்லாம் வராங்கில்தான். வராந்தாவுக்கு இங்கே அதுதான் பேர். 2020 தைப்பூசக் காவடிக்குச் சொந்தக்காரர்கள் வருகிறார்களே என்று, ஹாலில் மாட்டுகிற சாதா ஃபேனை அவசரமாக அங்கே மாட்டினோம்.

அடுத்த மழைக்காலத்துக்குள் றெக்கைகள் வாடின வாழையிலை மாதிரி தொங்கிவிட்டன. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, ஈரம் குடித்து ஊதிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. மழை பெய்கிற ராத்திரியெல்லாம், கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற 30 மில்லியாம்பியர் டிரிப்பர் விழுந்து வீடே இருட்டாகும். ஃப்ரிட்ஜா, வாட்டர் ஹீட்டரா என்று தேடியே நாலு மாசம் போனது.

கடைசியில் எலெக்ட்ரீஷியன் வந்தார். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஃபேனின் மேல் கப்பை இறக்கினார். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொட்டியது. கனெக்டர் திருகெல்லாம் பச்சைக் களிம்பு. கொக்கியை விரலால் தேய்த்தேன், துரு செதில் செதிலாக உதிர்ந்தது. அதற்கு நேர் கீழேதான் என் சின்னவன் பாய் போட்டுப் படுப்பான். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

பழைய லைட் பாயிண்டில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டே ஒயர், எர்த் கிடையாது. ஃபேன் பாடியில் கரண்ட் கசிந்தால், தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் இறங்கும். போர்டிலிருந்து பச்சை-மஞ்சள் ஒயரைப் புதிதாக இழுத்தோம். கான்கிரீட்டில் துளை போட்டு ஸ்டெயின்லெஸ் ஆங்கர் போல்ட். ஐபி44 (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்கிற குறி) போட்ட, பிளாஸ்டிக் றெக்கை ஃபேன். ரெகுலேட்டர் வீட்டுக்குள். ஒயரை நேராக டப்பாவுக்குள் விடாமல், ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினார். ஒயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அந்தச் சின்ன வளைவைத்தான் முதல் தடவை யாரும் விடவில்லை.

புயலுக்கு இரண்டாம் நிலை எச்சரிக்கை வந்ததுமே றெக்கைகளைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவோம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோதும் அப்படித்தான். எந்த றெக்கை எந்த இடம் என்று நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருக்கிறேன். இடம் மாறினால் ஃபேன் ஆடக்கூடும்.

பதில்:

அக்கா, மாயேபூரில் எங்கள் மாமியார் வீட்டு வராங்குக்குத் தகரக் கூரை. ஃபேனைக் கூரை மரச்சட்டத்தில் மாட்டாமல் பலகையில் மாட்டியிருந்தார்கள், போட்டாலே கூரையெல்லாம் அதிரும். சட்டத்தோடு சேர்த்து குறுக்குக்கட்டை அடித்த பிறகுதான் நின்றது. றெக்கை தரையிலிருந்து 2.3 மீட்டருக்கு மேலே இருக்கிறதா என்று அன்றைக்கே டேப் வைத்து அளந்துவிட்டேன், எங்கள் மாமா நல்ல உயரம். எர்த் பாயிண்ட் பார்த்ததில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துத் திறந்து பார்க்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.